கண்டம் கடக்கும் சாலை

ஆப்பிரிக்கக் கண்டத்தின் தேசப்படத்தை விரித்து, வடக்கே கெய்ரோ நகரின்மேல் ஒரு விரலையும் தெற்கே கேப் டவுன் நகரின்மேல் மற்றொரு விரலையும் வைத்துப் பார்ப்போம். இவ்விரண்டுக்கும் இடையே சாலை வழியாகச் செல்வதாயின் 10,000 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்ய வேண்டும். காஷ்மீரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் நம் நாட்டு நெடுஞ்சாலையோ ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் நீளமே உடையது. பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் வாழ்ந்து, ஊர்த் திருவிழாவுக்கும் உற்றார் திருமணத்துக்கும் பல நூறு மைல் கடந்து சென்று வரும் நமக்கு நெடுவழி என்பது புதிதன்று. எனினும் நாம் கடப்பவை மாநில எல்லைகள். அங்கே ஒரு லாரிக்காரன் கடக்க வேண்டியவை தேச எல்லைகள். ஒவ்வோர் எல்லையிலும் நாணயம் மாறும்; சட்டம் மாறும்; சில இடங்களில் வண்டி செல்ல வேண்டிய பக்கமுமே மாறும்.

இத்தகைய சாலைகளைக் கண்டம் முழுவதும் ஓர் ஒழுங்கில் அமைக்க வேண்டும் என்னும் திட்டம் 1971-ஆம் ஆண்டில் உருப்பெறத் தொடங்கியது. அடிஸ் அபாபாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஐக்கிய நாடுகளின் ஆப்பிரிக்கப் பொருளாதார ஆணையம் அதனை முன்னின்று வகுத்தது. ஒன்பது பெருவழிகள், அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 57,000 கிலோமீட்டர். கெய்ரோவிலிருந்து மேற்கே டாக்கர் வரை ஒன்று, அல்ஜியர்ஸ் நகரிலிருந்து சகாராப் பாலைவனத்தை ஊடுருவி லாகோஸ் வரை ஒன்று, லாகோஸிலிருந்து நடுக்காட்டின் வழியே மொம்பாசாத் துறைமுகம் வரை ஒன்று, நாம் மேலே கண்ட கெய்ரோ - கேப் டவுன் வழி ஒன்று, இவ்வாறாக ஏனையவும். எல்லாவற்றையும் புதிதாக இடுவது நோக்கமன்று. அங்கங்கே இருந்த சாலைகளை ஒன்றோடொன்று சேர்த்து, விடுபட்ட பகுதிகளை மட்டும் கட்டி முடிப்பதே நோக்கம். அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. மிகப் பெரும் பகுதி தார்ச் சாலை ஆகியும்விட்டது. அப்படியிருந்தும், சரக்கேற்றிய ஒரு லாரி ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தடையின்றிச் செல்லும் நிலை பெரும்பாலான வழிகளில் இன்னும் வரவில்லை. இது ஏன் என்பதை ஆராய்ந்தால், சாலை என்பது உண்மையில் எதனால் ஆனது என்பது நமக்குப் புலப்படும்.

முதலில், இச்சாலைகள் தொடக்கத்திலேயே ஏன் இல்லாமற்போயின என்பதைப் பார்ப்போம். ஐரோப்பிய நாடுகள் ஆப்பிரிக்காவைப் பங்கிட்டுக்கொண்ட காலத்தில் போடப்பட்ட இருப்புப் பாதைகளும் சாலைகளும் பெரும்பாலும் ஒரே நோக்கம் உடையவை. சுரங்கத்திலிருந்தோ தோட்டத்திலிருந்தோ புறப்பட்டு, அருகிலுள்ள துறைமுகத்தில் போய் முடிவதே அவற்றின் வேலை. செம்பும் பருத்தியும் நிலக்கடலையும் கப்பலேற வேண்டும், அவ்வளவே. ஒரு நாட்டின் மக்கள் அண்டை நாட்டுச் சந்தைக்குப் போக வேண்டும் என்பதைப் பற்றிக் கவலைப்படுவார் இல்லை. ஆகவே விடுதலை பெற்றபொழுது அந்நாடுகளின் வழிகள் கடலை நோக்கியிருந்தன. அண்டை வீட்டை நோக்கியவை மிகச் சிலவே. இன்று ஆப்பிரிக்காவில் கடற்கரையே இல்லாத நாடுகள் 16 உள்ளன. அவற்றுக்கு வரும் எரிபொருளும் மருந்தும் பிறர் நாட்டு மண்ணின் வழியாகவே வந்து சேர வேண்டும். சாலை கெட்டால் அந்நாடுகளில் விலை ஏறும். சாலை அடைபட்டால் கடை அடைபடும்.

மோட்டார் வண்டியில் இக்கண்டத்தைத் தெற்கு வடக்காகக் கடக்க முயன்ற முன்னோடிகளின் அனுபவம் இதனை நன்கு விளக்கும். மேஜர் கோர்ட் டிரீட் என்பவரும் அவருடைய மனைவி ஸ்டெல்லாவும் துணைவர் சிலரும் 1924 செப்டம்பரில் இரண்டு கிராஸ்லி கார்களில் கேப் டவுனை விட்டுப் புறப்பட்டனர். மழைக்காலச் சேற்றில் மாதக்கணக்கில் சிக்கியும், பாலமில்லாத ஆறுகளில் வண்டிகளை இழுத்துக் கரையேற்றியும் அவர்கள் கெய்ரோவை அடைந்தது 1926 ஜனவரியில். பதினாறு மாதங்கள் ஆயின! அவர்கள் சென்றது பெரும்பாலும் சாலையின் வழியாக அன்று. சாலை இருக்க வேண்டிய இடத்தின் வழியாக என்றே சொல்ல வேண்டும்.

அது சாகசப் பிரயாணம். ஆனால் சாலையின்மை ஒரு நாட்டின் உயிருக்கே உலை வைத்த நிகழ்ச்சியும் உண்டு. ஜாம்பியா 1964 அக்டோபரில் விடுதலை பெற்றது. நாற்புறமும் நிலம் சூழ்ந்த அந்நாட்டின் செல்வம் செம்பு. அந்தச் செம்பு வெளியே போவதும், நாட்டுக்கு வேண்டிய எண்ணெய் உள்ளே வருவதும் தெற்கிலுள்ள ரொடீஷியாவின் இருப்புப் பாதையை நம்பியே இருந்தன. 1965 நவம்பர் 11 அன்று ரொடீஷியாவின் வெள்ளைச் சிறுபான்மை அரசு, பிரிட்டனின் ஒப்புதலின்றித் தானே சுதந்திரப் பிரகடனம் செய்தது. பிரிட்டன் அந்நாட்டுக்கு எண்ணெய் செல்வதைத் தடை செய்தது; பதிலுக்கு ரொடீஷியா ஜாம்பியாவுக்கு எண்ணெய் விடுவதை நிறுத்தியது. ஓராண்டு நிரம்பிய புதிய குடியரசு ஒரே வாரத்தில் திக்குமுக்காடியது. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பீப்பாய்களில் எண்ணெயை நிரப்பி விமானங்களில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினர். விமானத்தில் எண்ணெய் கொண்டுவருவதற்கு ஆகும் செலவை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

எஞ்சிய முக்கிய நிலவழி வடகிழக்கே டான்சானியாவின் தாரெஸ்ஸலாம் துறைமுகத்துக்குச் செல்லும் வழி. ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர். அதன் மிகப் பெரும்பகுதி அன்று மண் சாலை. கோடையில் முன்னே செல்லும் வண்டி கண்ணுக்குத் தெரியாத அளவு புழுதி. மழையில் அச்சு வரை சேறு. மலைச் சரிவுகளில் செங்குத்தான வளைவுகள். இவ்வழியே லாரிகள் எண்ணெய்ப் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு உள்ளே வந்தன. திரும்பும்பொழுது செம்புக் கட்டிகளை ஏற்றிச் சென்றன. கவிழ்ந்தும் எரிந்தும் கிடந்த வண்டிகள் பலவற்றைப் பார்த்த ஓட்டுநர்கள் அவ்வழிக்கு ‘நரக ஓட்டம்’ என்று பெயரிட்டனர். ஒரு நாட்டின் விளக்கு எரிவதும் ஆலை ஓடுவதும் அந்த ஓட்டுநர்களின் கைகளில் இருந்தன. 1968-இல் எண்ணெய்க் குழாய் ஒன்று அமைந்தது. 1970-களின் தொடக்கத்தில் சாலை தாரிடப்பட்டது. 1975-இல் சீனாவின் உதவியோடு 1,860 கிலோமீட்டர் நீளமுள்ள டான்சாம் இருப்புப் பாதையும் கட்டி முடிக்கப்பட்டது. ஒரு கதவை அடைத்தால் மற்றொரு கதவு வேண்டும் என்னும் பாடத்தை ஜாம்பியா பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

அந்த மண் சாலைதான் இன்று கெய்ரோ - கேப் டவுன் பெருவழியின் ஒரு பகுதியாக விளங்குகிறது. இனி அப்பெருவழியின் வடமுனையிலிருந்து தெற்கு நோக்கி மனத்தால் பிரயாணம் செய்து, எங்கெங்கே அது அறுபட்டிருந்தது, எவ்வாறு ஒட்ட வைக்கப்பட்டது என்பதைக் காண்போம்.

எகிப்தில் நைல் நதியை ஒட்டித் தெற்கே அஸ்வான் வரை சாலைக்குக் குறைவில்லை. அஸ்வான் பேரணை 1970-இல் கட்டி முடிக்கப்பட்டது. அணையின் பின்னே பெருகிய ஏரி எகிப்தின் எல்லையைத் தாண்டிச் சூடானுக்குள்ளும் பரவியது. பழைய வாடி ஹல்பா நகரம் நீரில் மூழ்கியது. நூபிய மக்கள் பல்லாயிரவர் தம் ஊர்களை விட்டுக் குடிபெயர்ந்தனர். அதன்பின் நெடுங்காலம் எகிப்திலிருந்து சூடானுக்குச் செல்ல விரும்பியவர் அஸ்வானில் படகேறித்தான் வாடி ஹல்பாவில் இறங்க வேண்டியிருந்தது. காரோ லாரியோ இருந்தால் அது தனி மிதவையில் பின்னே வரும். சொந்தக்காரர் கரையில் காத்திருக்க வேண்டும். 2014 ஆகஸ்டில்தான் குஸ்துல் என்னுமிடத்தில் இரு நாடுகளுக்கும் இடையே சாலை வழி எல்லைக் கடப்பு திறக்கப்பட்டது. பாலைவனத்தில் சாலை போடுவது அவ்வளவு கடினமன்று. இரு அரசுகள் உடன்பட்டு ஒரு வாயிலைத் திறப்பதற்குத்தான் இத்தனை ஆண்டுகள் ஆயின.

சூடானையும் எத்தியோப்பிய மலைகளையும் கடந்து கெனியாவின் எல்லையூராகிய மொயாலேயை அடைகிறோம். இவ்விடத்திலிருந்து தெற்கே மார்சாபிட் வழியாக இசியோலோ வரை உள்ள ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நெடுங்காலம் இப்பெருவழியின் தீராத புண்ணாக இருந்தது. அதன் ஒரு பகுதி கரிசல் நிலம். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலை அறிந்தவர்களுக்கு இதன் குணத்தை விளக்க வேண்டியதில்லை. மழை பெய்தால் ஊறிப் பருத்துச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். வெயில் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் இடும் சாலையும் அதனோடு சேர்ந்து எழும்பித் தாழ்ந்து பிளந்துபோகும். ஆகையால் கரிசலில் சாலை அமைப்போர் மேல்மண்ணை அகற்றி, வேறு நல்ல மண்ணைக் கொட்டி உயர்த்தி, நீர் தேங்காமல் வடிகால் அமைத்த பின்னரே தாரிட வேண்டும்.

எஞ்சிய பகுதி சரளைச் சாலை. அதற்கு வேறொரு நோய். சக்கரம் ஒரு சிறு கல்லில் ஏறி எம்பி விழும் இடத்தில் சிறு பள்ளம் உண்டாகிறது. பின்வரும் சக்கரங்கள் அதே பள்ளத்தில் விழுந்து எழும்பி அடுத்த பள்ளத்தை உண்டாக்குகின்றன. நாளடைவில் சாலை முழுவதும் குறுக்கு வரிகளாக, கடல் மணலில் அலை பதிந்தாற்போல் ஆகிவிடுகிறது. மெதுவாகச் சென்றால் எலும்பு நோகும். வேகமாகச் சென்றால் சக்கரம் வரிகளின் முகடுகளை மட்டும் தொட்டுப் பறக்கும், ஆனால் தடுப்புப் பிடிக்காது. வில்பட்டைகள் முறிவதும் ஆணிகள் கழல்வதும் அன்றாட நிகழ்ச்சி. போதாக்குறைக்கு வழிப்பறிக் கொள்ளையர்களின் அச்சம். அதனால் வண்டிகள் காவலுடன் கூட்டமாகச் செல்ல வேண்டியிருந்தது. கால்நடை ஏற்றிய லாரிகளின் மேல் கம்பிகளில் மனிதர் அமர்ந்து நைரோபிக்கு இரண்டு மூன்று நாள் பிரயாணம் செய்தனர். பகுதி பகுதியாகத் தாரிடும் வேலை நடந்து, 2016, 2017-ஆம் ஆண்டுகளில் இப்பாதை முடிவுற்றது. இன்று பேருந்து ஒரு நாளைக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மார்சாபிட் மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படும் நோயாளிக்கு இந்த வேறுபாடு என்ன என்பதைச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை.

மொயாலேயில் மற்றொரு புதுமையும் உண்டு. எத்தியோப்பியாவில் வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்கின்றன. கெனியாவில் நம் நாட்டைப் போலவே இடப்புறம். எல்லையைத் தாண்டியதும் ஓட்டுநர் பக்கம் மாற வேண்டும். எத்தியோப்பியா 1964-லும், நைஜீரியா 1972-லும், சூடான் 1973-லும், கானா 1974-லும் இடப்புறத்திலிருந்து வலப்புறத்துக்கு மாறியவை. கிழக்கிலும் தெற்கிலும் உள்ள பல நாடுகள் இன்றும் இடப்புறமே செல்கின்றன. சுக்கான் வலப்பக்கம் அமைந்த லாரி வலப்புறச் சாலையில் செல்லும்பொழுது, முன்வண்டியை முந்த நினைக்கும் ஓட்டுநருக்கு எதிரே வருவது தெரியாது. பக்கத்தில் அமர்ந்திருக்கும் உதவியாளர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். உயிர் அவருடைய ஒரு சொல்லில் இருக்கிறது.

நைரோபி, டோடோமா, லுசாக்கா நகரங்களைக் கடந்து தெற்கே வந்தால் ஜாம்பெசி ஆறு குறுக்கிடுகிறது. கசுங்குலா என்னும் இடத்தில் ஜாம்பியா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே, நமீபியா ஆகிய நான்கு நாடுகளும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. ஜாம்பியாவும் போட்ஸ்வானாவும் தொட்டுக்கொள்ளும் எல்லையோ ஆற்றின் நடுவில் சுமார் 150 மீட்டர் அளவே. பல ஆண்டுகள் இங்கே மிதவைகளே லாரிகளை அக்கரை சேர்த்தன. ஒரு முறைக்கு ஓரிரு லாரிகள்தாம் செல்லும். கரையில் வரிசை நாட்கணக்கில் நீளும். 2003-இல் அளவுக்கு மீறிச் சுமையேற்றிய ஒரு லாரியால் மிதவை கவிழ்ந்து 18 பேர் மாண்டனர். அதன்பின் பல ஆண்டுப் பேச்சுக்கும் முயற்சிக்கும் பிறகு 2021 மே 10 அன்று 923 மீட்டர் நீளமுள்ள பாலம் திறக்கப்பட்டது. தேசப்படத்தில் பார்த்தால் அப்பாலம் நேராக இராது, வில்போல் வளைந்திருக்கும். ஜிம்பாப்வேயின் எல்லைக்குள் புகாமல் செல்வதற்காகவே அந்த வளைவு. நாடுகளின் உறவு ஒரு பாலத்தின் உருவத்தையே நிர்ணயித்துவிட்டது.

அந்த மிதவையை மூழ்கடித்த மிகைச் சுமைதான் சாலைகளையும் தின்று தீர்க்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நிகழ்த்திய பெரிய சோதனையொன்றில் பொறியாளர்கள் ஓர் உண்மையைக் கண்டனர். வண்டியின் ஓர் அச்சு தாங்கும் சுமையை இரு மடங்காக்கினால், சாலைக்கு ஏற்படும் சேதம் இரு மடங்காவதில்லை. ஏறத்தாழ 16 மடங்காகிறது. அளவுக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக ஏற்றினாலே சேதம் இரட்டிப்பாகிவிடும். இருபது ஆண்டு உழைக்க வேண்டிய சாலை சில ஆண்டுகளில் பள்ளமாவதன் இரகசியம் இதுவே. ஆகவே எடைமேடையில் நேர்மையாக நிற்கும் ஓர் ஊழியர், கல்லுடைக்கும் நூறு பேருக்குச் சமமான வேலையைச் செய்கிறார். அவர் கண்ணை மூடிக்கொண்டால் பொறியாளரின் கணக்கெல்லாம் வீண்.

எல்லைச் சாவடிகளும் இத்தகையனவே. லாரி ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரமே அதிகம் என்பது ஆப்பிரிக்க ஓட்டுநர்களின் நெடுநாள் குறை. ஒரு நாட்டை விட்டு வெளியேறுவதற்கு ஒரு சோதனை. சில நூறு அடி தள்ளி அடுத்த நாட்டில் நுழைவதற்கு அதே தாள்களுடன் மறுபடி ஒரு சோதனை. லாரியின் அடியில் பாய் விரித்து உறங்கி, கையிருப்பைத் தின்று, நாட்கள் கழியும். கிழக்கு ஆப்பிரிக்காவில் 1980-களில் எய்ட்ஸ் நோய் பரவிய வழிகளுள் லாரிச் சாலைகளும் ஒன்று என்று மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் கண்டபொழுது, வீட்டைப் பிரிந்து எல்லையூர்களில் பல நாள் தங்க நேரும் அந்த வாழ்க்கையே அதற்கு ஒரு காரணம் என்பதும் தெரியவந்தது. ஜாம்பியாவும் ஜிம்பாப்வேயும் சந்திக்கும் சிருண்டுவில் 2009 டிசம்பரில் ஒரு புதிய முறை தொடங்கியது. இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே கூரையின்கீழ் அமர்கின்றனர். வண்டி ஒரு முறை நின்றால் போதும். இதற்காக ஒரு நாட்டின் அதிகாரி மற்றொரு நாட்டு மண்ணில் கடமையாற்ற இடமளிக்கும் சட்டத்தை இரு நாடுகளும் இயற்ற வேண்டியிருந்தது. நாட்கணக்கில் நின்ற வண்டிகள் மணிக்கணக்கில் புறப்படலாயின. புதிய சாலை ஒரு கிலோமீட்டரும் போடாமலே வழி குறுகிவிட்டது! நம் நாட்டிலும் 2017 ஜூலையில் சரக்கு-சேவை வரி வந்து மாநில எல்லைகளின் வரிச் சாவடிகள் எடுக்கப்பட்டபொழுது, லாரிக்காரர்கள் இத்தகைய மாற்றத்தை ஓரளவு கண்டார்கள்.

ஏனைய பெருவழிகளின் நிலை என்ன? லாகோஸ் - மொம்பாசா வழி காங்கோவின் பெருங்காட்டில் இன்னும் நலிந்தே கிடக்கிறது. அங்கே மழையே அதிபதி. நடு ஆப்பிரிக்க நாடுகளில் மண் சாலைகளின் குறுக்கே மரக்கட்டை ஒன்றை இறக்கி, மழை பெய்து நின்று சில மணி நேரம் உலரும் வரை கனமான வண்டிகளை விடுவதில்லை. ஈரச் சாலையில் ஒரு லாரி சென்றால் அது விட்டுச் செல்லும் தடம் பிற அனைவருக்கும் வழியை அழித்துவிடும். ‘மழைத் தடை’ எனப்படும் இந்த வழக்கத்தில் பொறுமையும் ஒரு சாலைப் பராமரிப்பு ஆகிறது.

வடக்கே கெய்ரோ - டாக்கர் வழியின் கதை வேறு. அல்ஜீரியாவின் உயர்தர விரைவுச் சாலை மொராக்கோ எல்லையை நெருங்குகிறது. அப்புறத்தே மொராக்கோவின் விரைவுச் சாலையும் ஊஜ்தா நகரை அடைகிறது. காடும் இல்லை; கரிசலும் இல்லை. ஆனால் இரு நாடுகளின் பகைமையால் 1994 முதல் அந்த எல்லை மூடிக் கிடக்கிறது. எல்லைக்கு இருபுறமும் வாழும் உறவினர்கள் எதிரெதிரே நின்று கையசைத்து நலம் விசாரித்துக்கொள்ளும் காட்சியைச் செய்தியாளர் பலர் எழுதியிருக்கின்றனர். தார் முழுமையாக இருந்தும் வழி இல்லை.

சூடானில் 2023 ஏப்ரலில் மூண்ட போர் கெய்ரோ - கேப் டவுன் வழியை நடுவே முறித்துவிட்டது. வாணிகத்துக்காகத் திறந்த அதே எகிப்து எல்லைச் சாலைகளில் கார்ட்டூம் நகரை விட்டு ஓடிய மக்கள் லட்சக்கணக்கில் பேருந்துகளில் வந்து குவிந்தனர். 2014-இல் அந்த வாயில் திறவாதிருந்தால் அவர்களுள் பலருக்குப் புகலிடம் அடைய வழியே இருந்திராது. சரக்குக்கென்று போட்ட சாலை, ஆபத்துக் காலத்தில் உயிர்களைக் கரையேற்றியது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். பாலைவனமும் ஆறும் கரிசலும் ஒருகாலத்தில் பெருந்தடைகளாக இருந்தன. அவற்றைப் பொறியாளர் பெரும்பாலும் வென்றுவிட்டனர். இன்று மிகுதியாக எஞ்சியிருப்பவை மனிதர் இட்ட தடைகள்: மூடிய வாயில், மிகைச் சுமை, இருமுறைச் சோதனை, போர். ஆப்பிரிக்க நாடுகள் கண்டம் முழுவதையும் ஒரே வாணிகப் பரப்பாக்க உடன்படிக்கை செய்து, 2021 ஜனவரி முதல் நாள் அதன்கீழ் வாணிகத்தைத் தொடங்கியுள்ளன. அந்த உடன்படிக்கையின் பயன் துறைமுகத்தில் காத்திருக்கும் லாரிக்கும், உள்நாட்டில் ஒரு மூட்டை உப்பை என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்பதற்கும் வந்து சேர வேண்டும். அது நிகழ்ந்தால், பதினாறு மாதப் பிரயாணத்தைச் சில வாரங்களாகக் குறைத்த தலைமுறையின் உழைப்பு முழுமை பெறும்.